மண்டபம் மீன்காட்சிக்குப் போகும் முன் ஆச்சியிடம் கேட்டவை

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மண்டபம் கேம்ப்பில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன்காட்சிக்கும் அருங்காட்சியகத்துக்கும் எத்தனை தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் சுற்று வட்டாரத்தில் இருந்து கேள்வி மேல் கேள்வி. ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கானாடுகாத்தானில் இருந்து: ஆச்சி, பிள்ளைகள் போன வருஷம் சிங்கப்பூரில் பெரிய மீன்காட்சி பார்த்துவிட்டு வந்தார்கள். மண்டபத்துக்குக் கூட்டிப் போனால் "இவ்வளவுதானா" என்று கேட்பார்களோ?

கேட்பார்கள். சிங்கப்பூர்க் கணக்கில் இது சின்ன இடம். தலைக்கு மேலே சுறா நீந்தாது, கண்ணாடிச் சுரங்கம் கிடையாது. சாவகாசமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இது வேடிக்கைக்காகக் கட்டின இடம் இல்லை, ஆராய்ச்சிக்கூடம். நிறுவனம் தொடங்கியது 1947 பிப்ரவரி 3. அதாவது நாட்டுக்கே சுதந்திரம் வருவதற்கு ஆறு மாசம் முன்னால். தலைமையிடம் 1971இல் கொச்சிக்குப் போய்விட்டது, மண்டபம் மண்டல மையமாக நிற்கிறது. கடல் விரால் என்கிற மீனை இந்தியாவிலேயே முதன்முதலாகச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது இங்கேதான், 2010இல்.

நான் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான். சிங்கப்பூரில் பார்த்தது ஊர் உலகத்துக் கடல். இது நாம் சாப்பிடுகிற கடல். காரைக்குடிச் சந்தையில் ஐஸில் விறைத்துக் கிடக்கும் திருக்கையும் கணவாயும் சிங்கி இறாலும் எந்தத் தண்ணீரில் எப்படி வாழ்ந்தன என்று தெரிந்துகொள்ளப் போகிறோம். இதைச் சொல்லிக் கூட்டிப் போனால் ஏமாற மாட்டார்கள். சொல்லாமல் போனால் பத்தாவது நிமிஷம் "ஐஸ்கிரீம் எங்கே" என்பார்கள்.

இன்ன தொட்டியில் இன்ன மீன் என்று மட்டும் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிருள்ளவை, மாறிக்கொண்டே இருக்கும்.

பள்ளத்தூரில் இருந்து: காரில் போவதா, ரயிலில் போவதா?

வீட்டில் ஆறு வயசுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கார் அல்லது வேன். காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை, தேவிபட்டினம், ராமநாதபுரம், அப்புறம் மண்டபம். சுமார் 120 கிலோமீட்டர். நின்று நின்று போனாலும் மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளே இருக்கும் நவபாஷாண நவக்கிரகக் கோயிலில் கால் மணி நேரம் இறங்கினால் பெரியவர்களுக்குத் திருப்தி, சின்னவர்களுக்குக் கால் நீட்ட ஒரு இடம்.

பாம்பன் பாலத்தை ரயிலில் கடப்பதுதான் ஆசை என்றால் காரைக்குடி வழியாகப் போகும் ராமேஸ்வரம் ரயிலைப் பிடியுங்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் பக்கத்திலேயே ஓடுகிறது. கப்பல் வந்தால் பழையது இரண்டு கை விரித்த மாதிரித் திறந்தது. புதியதில் நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் போல மேலே போகும். ஒன்று மறந்துவிடாதீர்கள்: மண்டபம் பாலத்துக்கு இந்தப் பக்கம். பாலத்தை ரயிலில் கடந்துவிட்டால் மீன்காட்சிக்குத் திரும்பி வர வேண்டும்.

கோட்டையூரில் இருந்து: முதலில் ராமேஸ்வரம் சாமி கும்பிட்டுவிட்டு, திரும்பும்போது மீன்காட்சி பார்க்கலாம் என்கிறார் என் மாமியார். சரியா?

மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், ஆனால் சரியில்லை. அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு வருஷம் விடியற்காலையில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடவைத்து, ஈர உடுப்போடு கோயிலைச் சுற்றவைத்து, வெயிலில் தனுஷ்கோடி காட்டி, சாயங்காலம் மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். நாற்பது பிள்ளைகளில் பாதிப் பேர் வேனிலேயே தூங்கிப் போனார்கள். மீதிப் பேர் தொட்டிக்கு முன்னால் தூங்கினார்கள்.

காலையில் திறந்ததும் மீன்காட்சி. அதற்குப் பிறகு பாலம். சாயங்காலம் கோயில். இரவு நம்ம நகரத்தார் சத்திரத்தில் தங்க ஏற்பாடு செய்துகொண்டு, தீர்த்தத்தை மறுநாள் விடியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகம் என்பதால் நேரமும் விடுமுறை நாளும் மாறும். முதல் நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தேவகோட்டையில் இருந்து: என் ஐயா கொழும்பில் கொண்டுவிற்கப் போனவர். "மண்டபம் கேம்ப்" என்று அடிக்கடி சொல்வார். அதே கேம்ப்பா?

அதேதான் அண்ணே. கேட்டதற்கு சந்தோஷம், இதை யாருமே கேட்பதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களை இங்கே தடுத்து நிறுத்தி, நோய் நொடி இருக்கிறதா என்று சோதித்து, சில நாள் வைத்திருந்து அனுப்பின முகாம் அது. காலராவும் அம்மையும் கடல் தாண்டக் கூடாது என்பது நோக்கம். பயணம் முடிந்து மிஞ்சிய அந்த வளாகத்தில்தான் மீன் ஆராய்ச்சி குடியேறியது. பின்னாளில் இலங்கையில் இருந்து வந்த அகதிகளுக்கும் மண்டபத்தில் முகாம் போட்டார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகளே திரும்பி வந்து அந்த மண்ணில் தங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நம்ம செட்டிமார் ரயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் இறங்குவார்கள். 1964 டிசம்பர் புயலோடு அந்த வழி போயிற்று. ஐயா பெட்டி தூக்கிக்கொண்டு கடந்த ஊர் இது என்று பிள்ளைகளிடம் வாசலிலேயே சொல்லுங்கள். மீனைவிட அது நினைவில் நிற்கலாம்.

புதுவயல், மூன்றாம் வகுப்புப் பிள்ளை: கடல் பசுவை உயிரோடு பார்க்கலாமா ஆச்சி?

இல்லை ஆத்தா, பாடம் செய்து வைத்த உடலைத்தான் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். உங்க அப்பத்தா சின்ன வயசில் வந்திருந்தால் உயிரோடு பார்த்திருக்கலாம். 1959 தொடங்கி ஏறத்தாழப் பத்து வருஷம் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியை இங்கே வளர்த்தார்கள். ஆவுளியா என்பது மீன்காரர்கள் வைத்த பேர். மீன் இல்லை அது. நம்மைப் போல மூச்சு வாங்க மேலே வரும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும், கடலடியில் புல் மேயும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ புல்!

இப்போது அதைக் காட்சித் தொட்டியில் அடைக்க முடியாது. நம்ம ஊருக்குக் கிழக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களை ஒட்டின கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடல் பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே முதல் கடல் பசுக் காப்பகம். நீ மண்டபத்தில் பார்க்கிற ஆவுளியாவின் சொந்தக்காரர்கள் ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் கடலில் மேய்ந்துகொண்டிருக்கலாம்.

அதே வீட்டில் இருந்து, அண்ணன்காரன்: எனக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

கோமாளி மீன் இருந்தால் அது கடல் சாமந்திக்குள் புகுந்து வருவதைப் பார். சாமந்தியின் இதழ் மாதிரி இருப்பது எல்லாம் கொட்டும். மற்ற மீன் தொட்டால் மயங்கும், கோமாளிக்கு உடம்பில் உள்ள வழவழப்புதான் கவசம். பிறக்கும்போது எல்லாம் ஆண். கூட்டத்தில் பெரிய பெண் செத்துப்போனால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். கடல் குதிரையில் அப்பாதான் வயிற்றுப் பையில் முட்டையைச் சுமக்கும். இதை உங்க அப்பச்சியிடம் போய்ச் சொல். கண்ணாடியைத் தட்டாதே, பிளாஷ் அடிக்காதே.

காரைக்குடியில் இருந்து: மாசமாக இருக்கும் மகளையும் எண்பது வயசு ஆயாவையும் கூட்டிப் போகலாமா?

ஆயாவைத் தாராளமாக. மடக்கு ஸ்டூல் ஒன்று வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு நீண்ட பயணம் சரியா என்று மருத்துவரைக் கேளுங்கள். அருங்காட்சியகத்தில் ஜாடிகளில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள், மருந்து வாடை சிலருக்குக் குமட்டும். மகளை மீன்தொட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாச்சியாபுரத்தில் இருந்து: பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும் என்கிறார்கள்.

மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, அங்கே உள்ளவர்கள் பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். கோடையில் தென்கிழக்கு, தென்மேற்குக் காற்று தெற்குப் பக்கத்தைக் கிளப்பிவிடும், வடக்குப் பக்கம் சாதுவாக இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் பெண் கடலுக்குக் கோபம் வரும். இப்போது போகிறவர்கள் வடக்கே அரியமான் கரைக்குப் போங்கள், ஆழம் மெல்லத்தான் கூடும். அதற்காகப் பிள்ளையை விட்டுவிட்டு நிழலில் உட்காரச் சொல்லவில்லை.

தெற்கே தெரியும் தீவுகளுக்கு நினைத்தபடி படகு பிடித்துப் போக முடியாது. தூத்துக்குடி வரை 21 தீவுகள், 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது, அதில் மட்டும் போங்கள்.

கொத்தமங்கலத்தில் இருந்து: மதியம் நல்ல மீன் சாப்பாடு கிடைக்குமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகு பிடிப்பதுதான் வரும், விலையும் ஏறும். உட்காரும் முன்னாலேயே விலையைக் கேட்டுவிடுங்கள். நான் கட்டுச்சோறு கட்சி. புளியோதரை, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு தூக்கு நிறைய மோர், கொறிக்கச் சீடை. எலுமிச்சைச் சோறு வேண்டாம், வெயிலில் கசந்துவிடும்.

கண்டனூரில் இருந்து: சென்னை மெரினாவில் ஒரு மீன்காட்சி இருந்ததாக எங்கள் பெரியப்பச்சி சொல்வார். நிஜமா?

நிஜம். 1909 அக்டோபரில் மெரினாவில் திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தை நிர்வகித்துவந்த எட்கர் தர்ஸ்டன் காலத்து வேலை. உயிர் காலேஜ் (விலங்குக்காட்சி சாலை), செத்த காலேஜ் (அருங்காட்சியகம்) பார்க்கப் பட்டணம் போனவர்கள் அதையும் பார்த்துவிட்டு வருவார்கள். இரண்டாம் உலகப் போர் அதை மூடிவிட்டது.

கோட்டையூரில் இருந்து மறுபடியும்: சங்கு, பவளம் வாங்கி வரலாமா? கருவாடு?

பால் சங்கு வாங்கலாம். பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை, யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள முதல் பட்டியலில் அவற்றைச் சேர்த்துப் பல வருஷம் ஆகிறது.

கருவாடு தாராளமாக வாங்கலாம், நெத்திலி நன்றாக இருக்கும். இரண்டு பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் ஒரு மூடி போட்ட தூக்குவாளி. டிக்கியில் வையுங்கள். மாமியாரின் கோயில் பிரசாதம் முன் சீட்டில் இருக்கட்டும்.