வெறிநாய் கடித்த கறவை மாடு: இப்போது நன்றாகத்தானே இருக்கிறது?

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் எங்கள் ஊர். கலப்பின ஜெர்சிப் பசு ஒன்று வைத்திருக்கிறோம். இரண்டாம் ஈத்து, இப்போது நான்கு மாதச் சினை. இரண்டு வேளையும் சேர்த்து எட்டு லிட்டர் கறக்கிறது, கன்று இன்னும் ஊட்டுகிறது. எட்டு நாளுக்கு முன்பு, பொழுது சாயும் நேரத்தில் எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று பசுவை மூக்கின் மேலும் பின்னங்காலிலும் கடித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு ஆடுகளையும் கடித்தது. எங்கள் வீட்டு நாயோடும் உருண்டது. ஊர்க்காரர்கள் அதை அடித்துக் கொன்று அன்றே புதைத்துவிட்டார்கள். என் மனைவி கடிவாயைத் துடைத்துச் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்தாள். பசு நன்றாகத் தின்கிறது, பாலும் குறையவில்லை. அம்மா கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிப்பவர். பயமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: மாட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள். இன்றே போங்கள்.

கடித்த கொஞ்ச நேரத்துக்குள் அவர் வெறும் கையால் கடிவாயைத் துடைத்திருக்கிறார். அந்தக் காயத்தில் இருந்தது நாயின் ஈரமான எச்சில். தீவனம் அறுக்கிற கையில் கீறல் இல்லாத நாள் ஏது? கீறலில் பட்ட எச்சிலும் கடிக்குச் சமம்தான். நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லுங்கள். தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறை என்றால், முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள் போக வேண்டியிருக்கும். கையில் காயம் இருந்தது தெரிந்தால் அதற்கு மேல் இம்யூனோகுளோபுலின், அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பு மருந்து, தேவையா என்பதையும் அவர் முடிவு செய்வார். அடித்தவர்கள், தூக்கிப் புதைத்தவர்கள் யார் கையிலாவது நாயின் எச்சிலோ ரத்தமோ பட்டிருந்தால் அவர்களும் போகட்டும். மாட்டுக்கு ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதருக்கானாலும் மாட்டுக்கானாலும் ரேபிஸ் என்கிற இந்த வெறிநோய்க்கு மருந்து கிடையாது. நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்று அண்மைக் கணக்கெடுப்பு ஒன்று மதிப்பிட்டது. நேரத்துக்கு ஊசி போட்டிருந்தால் இவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள்.

அம்மாவின் பால் விஷயம். காய்ச்சிய பாலால் பயமில்லை, கொதியில் இந்தக் கிருமி நிற்காது. அறிகுறி எதுவும் இல்லாத மாட்டின் பாலில் கிருமி வருவதும் எதிர்பார்க்கக்கூடியதல்ல. அதனால் இதுவரை குடித்ததற்காக அவர் தூக்கம் கெட வேண்டாம். ஆனாலும் மனைவியோடு போகும்போது இதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இன்று முதல் பச்சைப்பால் யாருக்கும் கூடாது. பசுவின் உடம்பில் சிறு மாற்றம் தெரிந்தாலும் அன்றோடு பாலை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள்.

சரி, இப்போது மாடு.

நன்றாகத்தானே தின்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் நாளில் நன்றாகத்தான் இருக்கும். ரேபிஸ் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடிபட்ட இடத்துச் சதையில் கொஞ்ச காலம் தங்கி, பிறகு நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி ஊர்ந்து போகிறது, ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர் அளவில். மூளைக்குப் போய்ச் சேரும் வரை வெளியே ஒன்றுமே தெரியாது. மாட்டில் இது பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை எடுக்கும், அபூர்வமாக அதற்கு மேலும் போகும். காலில் கடித்தால் வழி நீளம். மூக்கில் கடித்தால் வழி குறைவு, நரம்பும் அங்கே அதிகம். உங்கள் பசுவுக்கு இரண்டு இடத்திலும் கடி என்பதால் நாம் மூக்குக் கடியை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மாட்டுக்கு மூக்கிலும் உதட்டிலும் கடி விழுவது ஏன் தெரியுமா? நாயைக் கண்டால் அது தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கும், இல்லையென்றால் முட்ட வரும். நாய்க்கு எட்டுவது அந்த ஈரமான மூக்குதான். காயமும் பெரிதாக இருக்காது, இரண்டு பல் பதிந்த புள்ளி மட்டும் இருக்கும். நக்கி நக்கி நாலு நாளில் அதுவும் மறைந்துவிடும். பலருக்குக் கடிபட்டதே தெரியாமல் போவது இப்படித்தான்.

சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்ததற்காக மனைவியைக் கடிந்துகொள்ளாதீர்கள், பல ஊர்களில் இன்னும் அதுதான் வழக்கம். ஆனால் அது கிருமியைக் கழுவாது, எரிச்சலைத்தான் கூட்டும். கடித்தவுடன் செய்ய வேண்டியது, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சாதாரணத் துணி சோப்பே அதை உடைத்துவிடும். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் தடவலாம். தையல் போடக் கூடாது, கட்டுக் கட்டவும் கூடாது. உங்கள் மாட்டுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. காலில் புண் இன்னும் ஆறாமல் இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு கழுவி அயோடின் தடவுங்கள்.

இப்போது கையில் இருப்பது தடுப்பூசி. எட்டு நாள் தாமதம்தான், ஆனாலும் போட வேண்டும். இன்று போடுவதை 0-ம் நாள் என்று வைத்து 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஊசி. 90-ம் நாளும் ஒன்று போடச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. இது கொல்லப்பட்ட கிருமியால் செய்த தடுப்பூசி. சினை மாட்டுக்கும் போடுவோம், சினை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கன்றுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், தாயின் மடியிலும் மூக்கிலும் அது ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாட்டை ஏற்றிப் போக முடியாவிட்டால் 1962-க்கு அழைத்து நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். வெளியே மருந்து வாங்க நேர்ந்தால் ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது, வெயிலில் பைக் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் போச்சு.

ஊசி போட்டால் கண்டிப்பாகப் பிழைக்குமா என்று கேட்பீர்கள். அப்படி வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி எழ ஒன்றிரண்டு வாரம் ஆகும், கிருமி அதற்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மனிதருக்குப் போடுவது போன்ற இம்யூனோகுளோபுலின் மாட்டுக்கு நடைமுறையில் கிடைப்பதில்லை. ஆனால் கடித்த நாய் எல்லாமே வெறிநாய் அல்ல, கடிபட்ட எல்லா மாட்டுக்கும் நோய் வருவதுமில்லை. ஐந்து ஊசியையும் நாள் தவறாமல் முடித்துவிட்டால் நம்பிக்கைக்கு நல்ல இடம் இருக்கிறது. மூன்று ஊசியோடு நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். மாடு நன்றாக இருப்பதைப் பார்த்ததும் மனசு தளர்ந்துவிடும். கொட்டகைச் சுவரில் தேதிகளைக் கரியால் எழுதி வையுங்கள்.

அந்த நாயைக் கொன்றதில் நமக்கு ஒரு பெரிய தடயம் போய்விட்டது. நாயைக் கட்டி வைத்துப் பத்து நாள் பார்த்திருந்தால், பத்தாம் நாளும் அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று தைரியமாகச் சொல்லியிருக்கலாம். செத்த நாயின் மூளையைச் சோதித்தாலும் தெரிந்துவிடும், அந்த வசதி சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உண்டு. எட்டு நாள் மண்ணுக்குள் கிடந்ததைத் தோண்டச் சொல்ல மாட்டேன், தோண்டவும் வேண்டாம். ஒரே மூச்சில் மாடு, ஆடு, நாய் என்று கண்டதையெல்லாம் கடித்த நாய் என்பதால், அதை வெறிநாய் என்றே எடுத்துக்கொண்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து நான் சொல்லப்போவதைக் குடும்பத்தில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பசுவைப் பார்க்கப் போனேன். வாயில் நூல் நூலாக எச்சில் வடிகிறது, கழுத்தை நீட்டி நீட்டி இழுக்கிறது, தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கிறது, உள்ளே இறங்கவில்லை. பனங்கொட்டையோ மாங்கொட்டையோ தொண்டையில் சிக்கிவிட்டது என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். அவரும் அவர் மகனும் மாறி மாறிக் கையை விட்டுப் பார்த்திருந்தார்கள். நானும் முழங்கை வரை விட்டேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்றாம் நாள் அது படுத்த படுக்கையாகி, தொண்டை கட்டிய குரலில் ஓயாமல் கத்தி, ஐந்தாம் நாள் செத்தது. சோதனையில் ரேபிஸ் என்று வந்தது. நாங்கள் மூவரும் ஊசி போட்டுக்கொண்டோம். அந்தப் பையனுக்குப் பதினான்கு வயது. கையில் பசுவின் பல் கீறியிருந்ததை அவன் காட்டியதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. மூவரும் நலமாகவே இருக்கிறோம். ஆனால் அந்தத் தப்பை நான் செய்திருக்கக் கூடாது, நீங்கள் யாரும் செய்யக் கூடாது.

மாட்டில் ரேபிஸ் முதலில் தொண்டை அடைப்பு மாதிரிதான் தெரியும். தீனி குறையும், பால் திடீரென்று வற்றும், எச்சில் ஒழுகும். கத்தும் குரல் மாறும், கரகரத்து, அடித்தொண்டையிலிருந்து, காரணமே இல்லாமல் திரும்பத் திரும்பக் கத்தும். சாணி போட வருவது போல முக்கிக்கொண்டே இருக்கும், ஒன்றும் வராது. பின்னங்கால் தள்ளாடும், குளம்பு மடங்கும். முட்ட வருகிற மாடும் உண்டு, ஆனால் சோர்ந்து ஒடுங்கிப் போகும் மாடுகளும் நிறைய. அவைதான் நம்மை ஏமாற்றுகின்றன. தண்ணீரைக் கண்டு பயப்பட்டால்தான் வெறி என்று ஊரில் சொல்வார்கள். மாட்டுக்கு அது பொருந்தாது. தண்ணீர் குடிக்க ஆசையாகப் போகும், விழுங்கத்தான் முடியாது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று கால்சியம் ஏற்றுவதும், அஜீரணம் என்று மூங்கில் குழாயில் கஷாயம் புகட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். புகட்டுகிற கை முழுக்க எச்சில். ஆகவே இன்று முதல் ஆறு மாதத்துக்கு இந்தப் பசுவின் வாயில் யாரும் கை வைக்கக் கூடாது, எதையும் புகட்டக் கூடாது. மேலே சொன்னதில் ஒன்று தெரிந்தாலும் எட்ட நின்று டாக்டரைக் கூப்பிடுங்கள், நாய் கடித்த கதையை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அந்த ஆறு மாதமும் பசுவைத் தனியாக, உறுதியான கயிற்றில் கட்டுங்கள். தொட்டி தனி, வாளி தனி. கறந்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். சந்தைக்கு மட்டும் ஓட்டிவிடாதீர்கள். நோய் வருவதற்குள் தள்ளிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வாங்கிப் போகிறவர் வீட்டிலும் மாட்டின் வாயில் கை விட ஒரு பையன் இருப்பான். காப்பீடு செய்திருந்தால் காது வில்லை பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள், முதல் ஊசி போடும்போதே கடிபட்ட விவரத்தை டாக்டரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒருவேளை இறந்துவிட்டால் தோலை உரிக்கவோ கறிக்குக் கொடுக்கவோ கூடாது. டாக்டர் மாதிரி எடுத்த பிறகு ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

வீட்டு நாயைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை அதைப் பற்றித்தான். பசு நோயை அடுத்தவருக்குக் கொடுப்பது அரிது, நாய்க்கு அது ஒரு கணத்து வேலை. ஏற்கெனவே ஆண்டுதோறும் ஊசி போட்ட நாய் என்றால் உடனே மறு ஊசி போட்டு, கட்டி வைத்துக் கவனிக்கலாம். ஒரு ஊசியும் போடாத நாய் என்றால் இன்றே டாக்டரிடம் காட்டி வரிசையாக ஊசியைத் தொடங்குங்கள், ஆறு மாதம் கூண்டிலோ சங்கிலியிலோ தனியாக வையுங்கள். குழந்தைகள் அதோடு விளையாடக் கூடாது. வளர்த்த பாசத்தில் அவிழ்த்துவிடாதீர்கள்.

தெருநாய் பிரச்சினை இப்போது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறி கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. பேச்செல்லாம் நகரத்தைச் சுற்றியே இருக்கிறது, கிராமத்து மாட்டுக் கொட்டகை யார் கண்ணிலும் படவில்லை என்பது என் வருத்தம். நாய்களால் பரவும் ரேபிஸை 2030-க்குள் ஒழிப்பது என்று 2021-ல் நாட்டுக்கே ஒரு செயல்திட்டம் போடப்பட்டது. ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் நாய்களுக்கு ஊசி போட்டார்கள், மனிதச் சாவு நின்றது. உங்கள் ஊரில் எத்தனை நாய் இருக்கும், அறுபதா, எண்பதா? ஊராட்சியில் மனுக் கொடுத்து, கால்நடை மருந்தகத்தில் ஒரு நாள் முகாம் கேளுங்கள். செத்த நாய் கடித்த வேறு நாய்களும் ஊருக்குள் திரிந்துகொண்டிருக்கலாம் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த இரண்டு ஆடுகளுக்கும் இதே ஐந்து ஊசிதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லுங்கள், பொங்கலுக்கு என்று அவர் அறுத்துவிடப் போகிறார்.