வாக்குப்பதிவு இயந்திரத்தில் எண்ணிய வாக்கு, பதிவான வாக்கைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது ஏன்?

வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் தலைமை அலுவலர் 17சி என்ற படிவத்தில் மொத்த வாக்குகளை எழுதி, வேட்பாளர்களின் முகவர்களுக்கு நகல் தருவார். இயந்திரம் காட்டும் மொத்தமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் அதுவே முரண்பாடு.

பெரும்பாலும் சிக்கல் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு 'கிளோஸ்', 'ரிசல்ட்', 'கிளியர்' பொத்தான்களை அதே வரிசையில் அழுத்தி, விவிபேட் (வாக்கு எந்தச் சின்னத்துக்கு விழுந்தது என்று சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) பெட்டியிலுள்ள மாதிரிச் சீட்டுகளையும் எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் 'கிளியர்' விட்டுப்போனால் அந்த 50-ம் உண்மை வாக்கோடு சேர்ந்துவிடும். பாத்திர எடையைக் கழிக்காமல் எண்ணெய் நிறுத்தது போலத்தான்: தராசில் பழுதில்லை, கணக்குதான் தப்பு.

குறைவாக வருவதற்குக் காரணம் வேறு. பதிவேட்டில் கையெழுத்திட்டபின் வாக்களிக்க மறுப்பவர் உண்டு; அவரைக் கழிக்காமல் எழுதிவிடுவார்கள். வெறும் எழுத்துப்பிழையும் நடக்கும்.

இப்படிப்பட்ட இயந்திரத்தை எண்ணாமல் ஒதுக்கி வைப்பார்கள். 2025-க்கு முன்பு, வெற்றி வித்தியாசம் அதிலுள்ள வாக்குகளைவிட அதிகமென்றால் விட்டுவிடுவார்கள். இப்போது முரண்பாடு இருந்தாலே அதன் விவிபேட் சீட்டுகளைக் கட்டாயம் எண்ணுவார்கள். தொகுதி மொத்தத்தை 17சியோடு ஒப்பிடுபவர்கள் தபால் வாக்கைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். அது இயந்திரத்தில் வராது.

மொத்தம் பொருந்திவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பதும் தவறு: வாக்கு உரிய சின்னத்துக்குத்தான் விழுந்ததா என்பதை 17சி காட்டாது, அதற்குத்தான் 2019 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கிறார்கள்.