செவோஃப்ளூரேனில் ரோக்குரோனியம் தேவை குறைவது

தசைத் தளர்த்தி மருந்தான ரோக்குரோனியம் திடீரென அளவுக்கு மீறி வேலை செய்வதுபோல் தெரிந்தால், அதைச் செலுத்தும் பம்பைச் சந்தேகிக்க வேண்டாம். இரத்தநாளம் வழியே தரும் மயக்க மருந்தான புரோபோஃபாலில் சீராக ஓடிய அதே ரோக்குரோனியம் இன்ஃபியூஷன் (தொடர்ச் செலுத்தல்), சுவாசிக்கத் தரும் ஆவி மருந்தான செவோஃப்ளூரேனில் இரண்டாவது மணி நேரத்தில், நரம்பை நான்கு முறை தூண்டும்போது தெரியும் நான்கு தசைத் துடிப்புகளையும் மறையச் செய்தது பெரும்பாலும் ஆவி மயக்க மருந்தின் விளைவுதான்.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் செவோஃப்ளூரேன் தசைத் தளர்த்தியின் வேலையை வலுப்படுத்துகிறது. இன்னொரு ஆவி மருந்தான டெஸ்ஃப்ளூரேனில் இது இன்னும் கூடுதல், புரோபோஃபாலில் மிகக் குறைவு. ஆனால் ஆவி தசைக்குள் மெதுவாகவே நிறைவதால் முதல் அரைமணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். நீண்ட அறுவை சிகிச்சையில் நம்மை ஏமாற்றுவது அந்த அரைமணி நேரம்தான். மூச்சுக்குழாயில் டியூபைச் செருகத் தரும் இன்ட்யூபேஷன் டோஸுக்குப் பின் 45 முதல் 60 நிமிடங்களில் இன்ஃபியூஷன் வேகத்தை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்க வேண்டிவரலாம்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. இன்ஃபியூஷனை நிறுத்தி, கட்டைவிரலில் துடிப்புகள் எத்தனை நிமிடத்தில் திரும்புகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. அந்தக் கையைத் தொட்டுப் பாருங்கள். போர்வைக்கு வெளியே குளிர்ந்து கிடக்கும் கையில், தளர்ச்சி உண்மையில் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும்.

மெக்னீசியம், ஜென்டாமைசின் (ஒரு ஆன்டிபயாடிக்) போன்றவை கொடுக்கப்பட்டிருந்தாலோ, சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுபட்டிருந்தாலோ, ஆவியை மட்டும் காரணமாக்க முடியாது. எதுவாயினும், மானிட்டரில் நான்காவது துடிப்புக்கும் முதல் துடிப்புக்கும் உள்ள விகிதம் 0.9-ஐ எட்டியதை அளந்து பார்க்காமல் டியூபை எடுக்காதீர்கள். நோயாளி தலையைத் தூக்கிக் காட்டுவதை மட்டும் நம்புவது போதாது.