கோர்செயார் இடப்பக்கம் விழுறது பிழை இல்லை

விமானம் ஓட்டுற சிமுலேட்டர்ல கோர்செயார் (கப்பல்ல இறங்கிற இரண்டாம் உலகப்போர்க்காலப் போர்விமானம்) இறங்கேக்க இடப்பக்கச் செட்டை திடீரெண்டு விழுது, இது சிமுலேட்டரின்ர பிழை (பக்) தானே எண்டு கேட்டிருக்கிறீங்கள். இல்லை, உண்மையான விமானமே அப்பிடித்தான், வேகம் குறைய இடப்பக்கம்தான் முதல்ல ஸ்ரோல் ஆகும் (தூக்குவிசையை இழக்கும்), அதாலதான் பிறகு ரெண்டு பக்கமும் ஒண்டா ஸ்ரோல் ஆகட்டும் எண்டு வலப்பக்கச் செட்டையின்ர முன்விளிம்பில ஒரு சின்னப் பட்டி பூட்டினவங்கள், கமராவைக் கிட்டக் கொண்டுபோய் அந்தப் பட்டி இருக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ, இருந்தும் அதே மாதிரிக் கடுமையா விழுந்தா மட்டும் சந்தேகப்படலாம். நான் முதல் பாக்கிறது வேற. 2000 குதிரைவலு எஞ்சின், 13 அடிக்கு மேல புரொப்பெல்லர், மெதுவாப் போகேக்க திறொட்டிலை (எஞ்சின் வலுவைக் கூட்டுற பிடியை) ஒரேயடியாத் தள்ளினா விமானம் இடப்பக்கம் உருளோணும், சும்மா நேர போனா அதுதான் பிழை. மூக்கு நீளம், முன்னுக்குக் கப்பல் தெரியாது, அதால வளைஞ்சு வந்து கடைசியில நேராக்கி இறக்குங்கோ, 1944 இல எங்கட திருகோணமலையில இருந்து போன இல்லஸ்ரியஸ் எண்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலின்ர விமானிகளும் அப்பிடித்தான் இறக்கினவை.