‘நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள், அப்பீலில் தீர்ப்பு நிற்குமா?’

கேள்வி: என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் நடந்த பாலியல் கொடுமைக்காக, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போக்சோ சட்டத்தில் தண்டனை கிடைத்தது. அவர் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் அப்பீல் போட்டிருக்கிறார். போலீசிடம் ‘டியூஷன் முடிந்து வரும்போது’ என்றவள் கோர்ட்டில் ‘மத்தியானம்’ என்றாள், உடம்பில் காயமில்லை, வேறு சாட்சி இல்லை என்பது அவர்கள் வாதம். தீர்ப்பு கவிழுமா? பிள்ளை மறுபடி கூண்டேற வேண்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அநேகமாக வேண்டாம். அப்பீலில் கீழ் நீதிமன்றப் பதிவுகளைப் படித்துத்தான் வாதம் நடக்கும். கூடுதல் சாட்சியம் எடுக்க அதிகாரம் உண்டு என்றாலும் அது அபூர்வம். குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது என்று போக்சோ 33-ஆவது பிரிவும் சொல்கிறது. அதனால் அப்பீலைச் சொல்லிப் பிள்ளையிடம் பழையதைக் கிளறாதீர்கள்.

வேறு சாட்சி இல்லை என்ற வாதம் பலவீனமானது. இந்தக் குற்றம் நாலு பேர் பார்க்க நடப்பதில்லை. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும் என்று 1996-ல் பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. காயம் இல்லாததும் அப்படித்தான். தொடுதலே குற்றமாகும் சட்டத்தில் காயத்தைத் தேடுவதில் பொருளில்லை.

அந்த நேர முரண்பாட்டைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். போலீஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலம் தனியே சாட்சியம் ஆகாது. கோர்ட்டில் சொன்னதோடு முரண்படுகிறதா என்று காட்ட மட்டுமே எதிர்த்தரப்புக்கு அது பயன்படும். அதற்கும் முறை உண்டு. குறுக்கு விசாரணையில் அந்த வரியைச் சிறுமியிடம் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். அவள் மறுத்திருந்தால், எழுதிய விசாரணை அதிகாரியிடமும் கேட்டு நிரூபித்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் அப்பீலில் முதல்முறையாக எடுத்தால் பெரிதாக எடுபடாது. சாட்சியப் பதிவின் சான்றிட்ட நகலை வாங்கி, உங்கள் வக்கீலை முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்லுங்கள்.

முறையாக நிரூபித்திருந்தாலும், அது எதைப் பற்றிய முரண்பாடு என்பதே கேள்வி. ஒன்பது வயதுப் பிள்ளை மணி பார்த்துக்கொண்டா இருக்கும்? நேரம், உடையின் நிறம் போன்றவற்றில் வரும் வேறுபாட்டை நீதிமன்றங்கள் பெரிதுபடுத்துவதில்லை. யார் செய்தார், என்ன செய்தார் என்பது முதல் புகாரிலிருந்து கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டும். அது ஆட்டம் கண்டால் ஆபத்துதான். 2012-ல் ஒரு டெல்லி வழக்கில், ஒரே சாட்சியை நம்பித் தண்டிக்க அந்தச் சாட்சியம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வாடை அடித்தாலும் இதே கதிதான். இரு வீட்டுக்கும் பழைய தகராறு ஏதும் இருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

உயர் நீதிமன்றம் முழுச் சாட்சியத்தையும் புதிதாக எடைபோடலாம். ஆனால் பிள்ளை தயங்கியதையும் அழுததையும் நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி மட்டுமே. 1986-ல் ராஜஸ்தானில் நடந்த ஒரு கொடுமையில், கூண்டில் நின்ற சிறுமி எதுவும் பேசாமல் அழுதாள். உயர் நீதிமன்றம் 2013-ல் குற்றவாளியை விடுவித்தது. 2025-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குழந்தையின் மௌனத்தைப் பெரியவரின் மௌனம்போல எடுக்கக் கூடாது, மருத்துவ, சூழ்நிலைச் சாட்சியங்கள் போதும் என்றது. நீதி வர 39 வருடம் ஆனது வேறு கதை.

பலர் கவனிக்காமல் விடுவது வயதுச் சான்று. பள்ளியில் தரும் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) மட்டும் போதாது என்று 2023-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே போக்சோ தண்டனை ரத்தானது. உங்கள் பிள்ளை 18-க்குக் கீழ் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 12 வயதுக்குக் கீழ் என்பதால்தான் குற்றம் கடுமையான வகையில் சேரும். பிறப்புச் சான்றிதழ் சான்றாவணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், அப்பீலோடு தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவும் பெரும்பாலும் வரும். அது அனுமதிக்கப்பட்டால் அந்த ஆள் ஜாமீனில் மறுபடி பக்கத்து வீட்டுக்கே வந்துவிடலாம். ஆகவே அப்பீல் விசாரணைக்கு வரும்வரை காத்திராமல், அரசு வழக்கறிஞருக்குத் துணையாக ஒரு வக்கீலை இப்போதே வையுங்கள். வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம்.