கை நீட்டினாலே கடிக்குது எங்க சின்சில்லா

கேள்வி: அக்கா, நாங்க கனடால மிசிசாகால இருக்கோம். ஊர் மாறிப் போன ஒரு குடும்பத்துகிட்ட இருந்து ஆறு வாரம் முன்னாடி ரெண்டு வயசு பெண் சின்சில்லாவ (அணில் மாதிரி கொறிக்கற, மெத்துன்னு முடி இருக்கற சின்னப் பிராணி) கூண்டோட வாங்கிட்டு வந்தோம், பொண்ணு ரொம்ப ஆசைப்பட்டா. கைய உள்ள விட்டா போதும், பின்னங்கால்ல எழுந்து நின்னு குரைக்குது, பல்ல நறநறங்குது, மூஞ்சிலயே மூத்திரத்த பீச்சுது. போன வாரம் பொண்ணு விரல்ல ரத்தம் வர்ற மாதிரி கடிச்சிருச்சு. தோட்டத்து கிளவுஸ் மாட்டிட்டு தூக்கினா கை நிறைய முடி உருவிட்டு வந்துருச்சு, பயந்துட்டேன். வீட்டுக்காரர் திருப்பிக் குடுத்துருங்கறார். இது பழகவே பழகாதா? ஜோடிக்கு இன்னொண்ணு வாங்கி விட்டா அடங்குமா?

பதில்: திருப்பிக் குடுக்காதீங்கம்மா. ஏற்கெனவே ஒரு வீடு மாறி வந்த பயத்துலதான் அது இப்படி இருக்கு, இன்னொரு தடவ மாத்தினா இன்னும் மோசமாகும். நீங்க எழுதினதையே திரும்பப் படிச்சுப் பாருங்க, நிக்குது, குரைக்குது, பல்ல கடிக்குது, பீச்சுது, எல்லாமே "கிட்ட வராத"ன்னு அது சொல்றதுதான், இத்தன சொல்லியும் கை உள்ள வந்துட்டே இருந்ததாலதான் கடைசியா கடிச்சிருக்கு. கோவம் இல்ல, உயிர் பயம். இது சிலி நாட்டு ஆண்டிஸ் மலைல பாறை இடுக்குல வாழ்ற ஜாதி, அங்க மேல இருந்து இறங்கறது ஆந்தையோ பருந்தோதான், அதனால மேல இருந்து வர்ற எந்தக் கையும் அதுக்கு பருந்து கால்தான். முடி உருவினதும் அதேதான், பல்லி வால விட்டுட்டு ஓடற மாதிரி இது முடிய விட்டுட்டு ஓடும். அந்த இடத்துல திரும்ப வளர சில மாசம் ஆகும், பயப்படாதீங்க, ஆனா கிளவுஸ தூக்கிப் போட்ருங்க, அதப் போட்டா எவ்ளோ அழுத்திப் பிடிக்கறோம்னே நமக்குத் தெரியாது.

பழக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ சின்ன பிராணிகள் பாக்கற வெட் கிட்ட காட்டிருங்க. இதுக்கு பல்லு ஆயுசு பூரா வளர்ந்துட்டே இருக்கும், உள்ள கடவாப்பல் ஏறுமாறா வளர்ந்து குத்துச்சுன்னா வலில கடிக்கும். தாடை ஈரமா இருக்கா, கண்ணுல தண்ணி வடியுதா, வைக்கோல் சாப்பிடறது குறைஞ்சிருக்கா பாருங்க. முன்பல்லு ஆரஞ்சு கலர்ல இருந்தா அழுக்குன்னு நினைக்காதீங்க, அதான் நல்ல பல்லு.

அப்புறம் ரெண்டு வாரம் கூண்டுக்குள்ள கையே போகக் கூடாது, சாப்பாடு தண்ணி வைக்க மட்டும்தான். பகல்ல தூங்கற ஜீவன், எழுப்பாதீங்க, பொழுது சாய்ஞ்சதும் முழிக்கும், அப்ப பொண்ண கூண்டு பக்கத்துல தரைல உக்காந்து ஹோம்வொர்க்க சத்தமா படிக்கச் சொல்லுங்க, குரல் பழகட்டும். கம்பி வழியா மட்டும் எதையும் ஊட்ட வேணாம், கம்பில நீட்டற விரலெல்லாம் தீனின்னு நினைச்சுக்கும். மூணாவது வாரம் கதவத் திறந்து உள்ளங்கைய மேல பாத்த மாதிரி கூண்டுத் தரைலயே வைங்க, நடுவுல ஒரே ஒரு ஓட்ஸ் செதில். வரலன்னா விட்ருங்க, நாளைக்கு வரும். வந்து லேசா பல்லால தொட்டுப் பாக்கும், அது கடி இல்ல, இது என்ன பொருள்னு பாக்குது, அந்த நேரத்துல வெடுக்குன்னு கைய இழுத்தீங்கன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பீச்சினாலும் திட்டறது, மூஞ்சில ஊதறது, தட்டறது எதுவும் கூடாது. அது ஒளியற மரப்பெட்டிக்குள்ள எந்தக் காரணத்துக்கும் கைய விடாதீங்க.

வெளிய எடுக்கணும்னா தூக்கவே வேணாம். அது குளிக்கறதுக்குப் பதிலா பொடி மண்ல புரள்ற டஸ்ட் பாத் டப்பா இருக்கும்ல, அத உள்ள வைங்க, தானா ஏறிப் புரளும், வாய மெதுவா மூடி டப்பாவோட எடுத்துட்டுப் போங்க. பாத்ரூம்தான் நல்ல இடம், டாய்லெட் மூடியச் சாத்திட்டு கால நீட்டி தரைல உக்காருங்க, முதல்ல ஒரு கால் மணி நேரம் போதும், நீங்க பிடிக்கப் போகாதீங்க, அதுவே உங்க மேல தாவி ஓடும். என்கிட்ட இப்படி வந்த ஒண்ணு ஒன்பது வாரம் என்னைத் திரும்பிக்கூட பாக்கல, பத்தாவது வாரம் ஒரு நாள் முழங்கால்ல ஏறி நின்னு மீச துடிக்கத் துடிக்க என் சட்டை பட்டன கடிச்சுப் பாத்துச்சு, நான் மூச்சே விடல. இருபது வருஷம் கூட வாழக்கூடிய உயிர், பத்து வாரம் பெருசே இல்ல.

ஜோடி இப்ப வேண்டவே வேணாம். வளர்ந்த பெண் சின்சில்லா தன் எடத்துல வேற ஒண்ண திடீர்னு விட்டா கடிச்சே கொன்னாலும் கொன்னுரும். சம்மர்ல அது இருக்கற ரூம்ல ஏசி ஓடணும், 25 டிகிரிய தாண்டினாலே அதுக்கு ஆபத்து, சூட்டுல தவிக்கற ஜீவன் யார்கிட்டயும் பழகாது. பொண்ணு விரல சோப்பு போட்டு நல்லா கழுவி விட்டீங்கல்ல? வீக்கமோ சிவப்போ இருந்தா இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.