உயர் அதிகாரிகள் ஒரே நேரத்தில் பல அரசுப் பதவிகளை வகிப்பதைத் தடை செய்ய வேண்டுமா?

வேண்டும். ஒருவரால் எத்தனை வேலைதான் பார்க்க முடியும் என்பதுதான் இதற்குப் பலரும் சொல்லும் காரணம். வேலைப்பளுவும் சிக்கல்தான், மறுக்கவில்லை. என்னை அதைவிட அதிகம் கவலைப்பட வைப்பது வேறு: அரசைத் தட்டிக் கேட்க வேண்டிய நாற்காலியில் அரசுக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவரையே 'கூடுதல் பொறுப்பு' என்று உட்கார வைப்பது.

கோவாவில் நடந்ததைப் பாருங்கள். 2020 நவம்பரில் அந்த மாநில அரசு தன் சட்டத்துறைச் செயலரிடமே மாநிலத் தேர்தல் ஆணையர் பதவியையும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துகிற பதவி அது. அரசியலமைப்புச் சட்டத்தின் 243-கே பிரிவின்படி, உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்க என்ன நடைமுறையோ அதே நடைமுறையில்தான் அந்த ஆணையரையும் நீக்க முடியும். ஆளுங்கட்சிக்குப் பிடிக்காத முடிவை எடுத்தாலும் அவருடைய பதவி ஆடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பாதுகாப்பு. கூடுதல் பொறுப்பில் இருக்கும் செயலருக்கு அந்தப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? ஒரே ஒரு உத்தரவில் அவரை வேறு துறைக்கு மாற்றிவிடலாம். பகலில் அமைச்சருக்குக் கோப்பு அனுப்புகிறவர், மாலையில் அதே அரசுக்கு எதிராக எப்படி முடிவெடுப்பார்?

அடுத்து வந்த நகராட்சித் தேர்தலில், பெண்களுக்கான வார்டு ஒதுக்கீடு சட்டப்படி செய்யப்படவில்லை என்று வழக்கு வந்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு ஐந்து நகராட்சிகளின் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2021 மார்ச் 12 அன்று நீதிபதி ரோஹிண்டன் நரிமன் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு கொடுத்த தீர்ப்பு, ஒதுக்கீட்டோடு நிற்கவில்லை. அரசின் கட்டுப்பாட்டில் உள்ள அதிகாரியிடம் இந்தப் பதவியைக் கூடுதலாகக் கொடுப்பது அரசியலமைப்புச் சட்டத்தைக் கேலிக்கூத்தாக்குவது என்றே நீதிமன்றம் சொன்னது. மத்திய, மாநில அரசுகளில் எந்தப் பதவியிலும் இருப்பவர் இனி மாநிலத் தேர்தல் ஆணையராக இருக்கக் கூடாது, வேறு மாநிலங்களில் அப்படி யாராவது இருந்தால் உடனே விலக வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஒரே ஒரு பதவிக்கு மட்டும்தான். மற்ற எல்லாக் கண்காணிப்புப் பதவிகளுக்கும் சேர்த்து இப்படி ஒரு பொதுத் தடை நம்மிடம் இல்லை.

பிலிப்பைன்ஸில் இருக்கிறது. அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் ஆட்சியில் ஒரே ஆள் பல பதவிகளைப் பிடித்து வைத்திருந்ததை அந்த மக்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதிபரின் மனைவி இமெல்டாவே மணிலா பெருநகர ஆளுநராகவும் குடியிருப்புத் துறை அமைச்சராகவும் ஒரே சமயத்தில் இருந்தார். அதனால் 1987-இல் வந்த புதிய அரசியலமைப்பு, அதிபர், துணை அதிபர், அமைச்சர்கள், அவர்களுடைய துணைச் செயலர்கள் யாரும் வேறு பதவி வகிக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. அதே ஆண்டு அதிபர் கொரசோன் அகினோ, கூடுதலாக இரண்டு பதவிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிர்வாக உத்தரவு போட்டார். மார்கோஸை எதிர்த்து வந்தவரின் அரசே அப்படிச் செய்தது. 1991-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2010-இல் வந்த தீர்ப்பு. போக்குவரத்துத் துறையின் துணைச் செயலர் ஒருவரைக் கப்பல் துறை ஆணையத்துக்குப் பொறுப்பு அலுவலராகவும் போட்டிருந்தார்கள். இது நியமனம் அல்ல, தற்காலிகப் பொறுப்பு மட்டுமே என்று அரசு வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்தப் பெயரில் கொடுத்தாலும் இரண்டாவது பதவி இரண்டாவது பதவிதான். நம் நாட்டுத் தடைச் சட்டத்தில் முதலில் எழுத வேண்டியது இதைத்தான். இல்லையென்றால் நியமனம் என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டுப் பொறுப்பு என்ற பெயரிலேயே எல்லாம் நடக்கும்.

கீழ்மட்டத்தில் இது எப்படி இருக்கும் என்பது எனக்கு நேரடியாகத் தெரியும். ஓர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். தகவல் தர முடியாது என்று பொதுத் தகவல் அலுவலர் பதில் அனுப்பினார். மேல்முறையீடு செய்தேன். அதற்குள் அதை விசாரிக்க வேண்டிய மேலதிகாரியின் இடம் காலியாகி, அந்தப் பொறுப்பும் அந்தத் தகவல் அலுவலரிடமே வந்திருந்தது. என் மேல்முறையீட்டை நிராகரித்த கடிதத்திலும் அதே கையெழுத்து. அப்புறம் தகவல் ஆணையம் வரை போக வேண்டியிருந்தது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தன் முடிவைத் தானே தவறு என்று எழுதும் நிலையில் எந்த மனிதரையும் வைக்கக் கூடாது.

சரி, மாவட்ட ஆட்சியர் இருபது குழுக்களுக்குத் தலைவராக இருக்கிறாரே, அதையும் தடுப்பதா என்று கேட்கலாம். தேவையில்லை. பதவி வழியாகச் சட்டமே கொடுக்கும் வேலை அது, தனிச் சம்பளமும் இல்லை. பிலிப்பைன்ஸிலும் இதற்கு விலக்கு உண்டு.

காலியிடங்கள்தான் கடினமான கேள்வி. ஓர் அதிகாரி ஓய்வு பெற்ற மறுநாளே ஆள் கிடைக்காது, கோப்புகளும் காத்திருக்க முடியாது. சாதாரண நிர்வாகப் பதவிகளுக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கட்டும். ஆனால் உத்தரவிலேயே முடிவுத் தேதி இருக்க வேண்டும், அதிகபட்சம் மூன்று மாதம், நீட்டிப்பு கிடையாது. தேர்தல், தகவல், லஞ்ச ஒழிப்பு, தணிக்கை, மேல்முறையீடு போன்ற பதவிகளில் ஒரு நாள்கூட அனுமதிக்கக் கூடாது. ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரிந்ததுதானே? ஆறு மாதம் முன்பே தேர்வைத் தொடங்குவதை அரசின் கடமையாக்கலாம். அப்படியும் இடம் காலியானால், அந்த நிறுவனத்துக்குள்ளேயே அடுத்த நிலையில் இருப்பவர் தன் பழைய வேலையை முழுவதும் ஒப்படைத்துவிட்டு வந்து உட்காரட்டும்.